எங்கள் பிள்ளைகள் தொட்ட இடியாப்பம்

என் மகளை நான் மூன்று வருடம் கட்டி வைத்திருந்தேன். பழைய நூல்சேலை ஒன்றை நீளவாக்கில் கிழித்து, ஒரு முனையை அவள் இடுப்பிலும் மறுமுனையைக் கட்டில் காலிலும் முடிந்துவிட்டுப் பால்வெட்டப் போவேன். தெஹியோவிட்டைக்கு மேலே இருக்கிற ஒரு இறப்பர் தோட்டத்தில், தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. வேறு யாரோ செய்ததைப் போல இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் என்றும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இரண்டும் வாயில் கசக்கின்றன. கட்டியது நான். முடிச்சு அவிழாதா என்று இரண்டு தடவை இழுத்துப் பார்த்ததும் நான்.

அவளுக்கு அப்போது ஐந்து வயது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆனால் இரண்டு லய வரிசை தள்ளி யாராவது குழாயைத் திறந்தால் அந்தச் சத்தம் கேட்டு ஓடுவாள். தண்ணீர் என்றால் அவளுக்கு உயிர். ஒரு நாள் கீழே ஓடையில் கழுத்தளவு தண்ணீரில் நின்றவளைத் தோட்டத்துக் காவல்காரர் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் கட்டத் தொடங்கினேன்.

தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா இருந்தது. வேலைக்குப் போகிற பெண்கள் சின்னப் பிள்ளைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவோம். கட்டத் தொடங்குவதற்கு முன்னால் என் மகளையும் அங்கே இரண்டு வாரம் வைத்திருந்தார்கள். மூன்றாவது வாரம் பிள்ளை பார்க்கிற அம்மா வாசலிலேயே என்னை மறித்தாள்.

"இது மத்தப் புள்ளைகளக் கடிக்குது. கத்துற கத்துல தொட்டில்ல கெடக்குறதெல்லாம் முழிச்சிக்கிருது. என்னால ஏலாது, கொண்டு போயிருங்க."

"எங்கம்மா கொண்டு போறது? பெரட்டுக்கு நேரமாச்சு, பிந்திப் போனா வேல தர மாட்டாங்க."

"அது ஒங்க பாடு."

தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் போனேன். அவர் நாற்காலியில் சாய்ந்தபடி என் மகளைப் பார்த்தார். பிறகு மேசை மேல் இருந்த பிஸ்கட் டின்னை அவள் கைக்கு எட்டாத பக்கம் நகர்த்தி வைத்தார். "இது நம்ம கிரெச்சுக்கு ஏத்த புள்ள இல்ல. வீட்டுல வச்சு நல்லாப் பாத்துக்கங்க" என்றார். வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது, கூலி இல்லை என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. அந்த டின்னை நகர்த்திய விரல்கள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. சுத்தமான விரல்கள், நகம் வெட்டியவை.

பகல் ஒரு மணிக்கு நான் திரும்பும்போது அவள் நனைந்த பாவாடையோடு உட்கார்ந்திருப்பாள். முகத்தைப் பார்க்க மாட்டாள். என் கையைப் பிடித்து, விரல்களில் காய்ந்து ஒட்டியிருக்கும் இறப்பர் பாலை ஒவ்வொன்றாக உரித்து எடுப்பாள். தோல் போல மெல்லிசாக வரும். கிழியாமல் வந்தால் ஒரு சின்னச் சத்தம் எழுப்புவாள். என்னோடு அவள் பேசியது அவ்வளவுதான். அதையும் இடுப்பில் கட்டோடுதான் செய்தாள். நான் முதலில் கையைக் கொடுப்பேன், பிறகுதான் அவிழ்ப்பேன். அவிழ்த்தால் ஓடிவிடுவாள் என்று எனக்குத் தெரியும்.

என் புருஷன் தோட்டத்து ஃபெக்டரியில் இறப்பர் ரோலரில் வேலை. அவர் யார் யாரிடமோ கேட்டு, கொழும்பு ஆஸ்பத்திரி ஒன்றில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கிறார்கள் என்று அறிந்து வந்தார். மூன்று தடவை போனோம். வழியில் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். சப்பாத்துச் சத்தத்துக்கு மகள் வீறிட்டாள். ஒரு ஆமிக்காரன் அவள் வாயைப் பொத்தச் சொன்னான். நான் பொத்தினேன்.

மூன்றாவது தடவை டொக்டர் ஒரு துண்டில் ஒரு சொல்லை எழுதிக் கொடுத்தார். ஓட்டிசம். அது என்ன நோய் என்று வெளியே நின்ற நர்ஸிடம் கேட்டேன். "மே ளமயாட்ட பெஹெத் நெஹே" என்றாள் சிங்களத்தில். இந்தப் பிள்ளைக்கு மருந்து இல்லை. சொல்லிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டாள்.

அடுத்த நம்பருக்கு எழுந்தவரை எனக்குத் தெரிந்தது. எங்கள் பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் வீட்டு அக்கா. தீபாவளிக்குத் தீபாவளி அவர்கள் கடையில்தான் சீத்தைத் துணி எடுப்போம். பத்து வருடப் பழக்கம். அவருக்கு ஒரு மகன் இருப்பதே எனக்குத் தெரியாது. ஏழு வயதுப் பையன், கையை முகத்துக்கு முன்னால் விசிறிக்கொண்டே நடந்தான். என்னைக் கண்டதும் அக்கா முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டார். திருடும்போது பிடிபட்டவர் மாதிரி.

அவிசாவளை பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில்தான் வந்தோம். பாதி வழியில் அக்காவாகவே கேட்டார்.

"தங்கச்சி, நீங்க வேலைக்குப் போனா மகள யாரு பாக்குற?"

பொய் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "கட்டிப்போட்டுட்டுப் போவேங்க்கா."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் பூட்டி வெக்கிறேன். கடைக்குப் பின்னால சாமான் அறையில. ஆக்கள் வந்தா சத்தம் கேக்காம ரேடியோவக் கூட்டி வெப்பேன். நீங்க கட்டுறீங்க, நான் பூட்டுறேன்."

பஸ் இறங்கும் இடத்தில் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு மகளக் கொண்டு வந்து எங்கிட்ட வுடுங்க. ஒண்ட வெச்சிப் பாக்குறதும் ரெண்ட வெச்சிப் பாக்குறதும் எனக்கு ஒண்டுதான்."

எங்கள் தொழில் அப்படித்தான் ஆரம்பித்தது, அந்தச் சாமான் அறையில். துணி மூட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்கிப் பாய் விரித்தோம். ஒரு மாதத்தில் மூன்றாவது ஆள் வந்தார். தோட்டத்து லொறியில் க்ளீனராக இருந்தவர். பெண்சாதி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். மகனைத் தனியாக வளர்த்தார். லொறி முன் சீட்டில் அவனைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு போவார். தோட்டத்துத் துரை கண்டுவிட்டு, பிள்ளையா வேலையா என்று கேட்டிருக்கிறார்.

மூன்று குடும்பத்திலும் சேர்த்து யாராவது ஒருவர் வேலைக்குப் போகாமல் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். அப்படி நிற்கிறவரின் கூலியை மற்றவர்கள் ஈடுகட்ட வேண்டும். கையில் இருப்பதைப் பங்கு போட்டால் எல்லோரும் பட்டினி. அக்காதான் இடியாப்பம் அவிக்கலாம் என்றார். பஜாரில் ஐந்தாறு சாப்பாட்டுக் கடை. ஒவ்வொன்றுக்கும் காலையில் இடியாப்பம் வேண்டும். விடிய முன் பிழிந்து அவித்து, லொறிக்கார அண்ணன் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவார். வருகிற காசு அன்று பிள்ளை பார்க்கிறவருக்கு. இதுதான் சட்டம். வேறு எந்தச் சட்டமும் எங்களுக்கு எழுதத் தெரியாது.

மகளுக்கு அங்கே ஒரு வேலை கிடைத்தது. யாரும் கொடுக்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். வெந்த இடியாப்பத்தைத் தட்டில் இருந்து உரிப்பது. நாங்கள் உரித்தால் பத்துக்கு இரண்டு பிய்ந்துவிடும். அவள் உரித்தால் ஒரு இழை அறுந்தது கிடையாது. ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் கை கழுவுவாள். கழுவு கழுவு என்று கழுவுவாள், தண்ணீர் ஆசையில். எங்கள் எல்லோரிலும் சுத்தமான கை அவளுடையதுதான்.

அடுத்த வருடம் ஏழு பிள்ளைகள். ருவான்வெல்லைப் பக்கத்தில் இருந்துகூட ஒரு தாய் பஸ்ஸில் கொண்டு வந்தாள். சங்கமாகப் பதிந்தால் ஏதாவது உதவி கிடைக்கும் என்று சொன்னதால் அரசாங்கக் கந்தோருக்குப் போனோம். அங்கே இருந்த கிளார்க் விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது அங்கவீனர் சங்கமா, சுயதொழில் சங்கமா?"

"ரெண்டுந்தாங்க ஐயா" என்றார் லொறிக்கார அண்ணன்.

"ரெண்டும் ஒண்ணா எழுத ஏலாது. வியாபாரம்னா வியாபாரம், புண்ணியம்னா புண்ணியம். முடிவு பண்ணிட்டு வாங்க."

ஒன்பது தடவை போனோம். கடைசியில் சுயதொழில் என்று பதிந்தார்கள். பிள்ளைகளைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரி கிடையாது.

பிறகுதான் அந்தப் பேச்சு கிளம்பியது. ஒரு காலையில் லொறிக்கார அண்ணன் நிறைந்த கூடையோடு திரும்பி வந்தார். சாப்பாட்டுக் கடை முதலாளி வாசலிலேயே நிறுத்திச் சொன்னாராம்: "ஆக்கள் திங்க மாட்டேங்கிறாங்கப்பா. பைத்தியப் புள்ளைக கையால எடுக்குறதாம். எச்சி வடியுதாம் அதுல." ஒரு வாரத்தில் எல்லாக் கடைகளும் நிறுத்திவிட்டன.

யார் கிளப்பியது என்று தேடி அலையத் தேவையிருக்கவில்லை. என் நாத்தனார்தான். எங்கள் லயத்திலேயே அடுத்த காம்பராவில் குடியிருந்தவள். நான் மிஞ்சிய இடியாப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போதெல்லாம் சொதி ஊற்றிப் பிசைந்து தின்றவள். "நான் என்னத்தச் சொன்னேன்? கேட்டாங்க, உள்ளதச் சொன்னேன்" என்றாள். சொல்லும்போதே அவள் வாயோரத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. இறப்பர் ஃபெக்டரியில் ஒட்டுப்பால் அழுகிற நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்த நாற்றத்தில் நின்றுகொண்டே நான் சோறு தின்றிருக்கிறேன். அன்றைக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

யாரோ முறைப்பாடு எழுதிப் போட, சுகாதாரப் பரிசோதகர் வந்தார். மாவைப் பார்த்தார், தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், தட்டுகளைத் தூக்கிப் பார்த்தார். பார்த்த நேரம் முழுவதும் கைலேஞ்சியை மூக்கில் வைத்திருந்தார். அந்த அறையில் அவித்த அரிசிமா வாசத்தைத் தவிர எதுவும் கிடையாது. என் மகளின் பக்கம் திரும்பும்போது இன்னும் இறுக்கிப் பிடித்தார். குறை ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். அக்கா கொடுத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. போகும்போது கதவுக் கைப்பிடியையும் கைலேஞ்சியால்தான் பிடித்தார்.

அவர் போனதும் அக்கா தேத்தண்ணியைச் சாக்கடையில் ஊற்றினார். "ஒளிச்சி வெச்சதாலதான் இவ்வளவும். எல்லாரும் பாக்கட்டும். ரோட்டுப் பக்கம் கதவத் தொறக்கிறேன்" என்றார்.

அவர் புருஷன் முதலில் பயந்தார். "புடவ எடுக்க வாற ஆக்கள் வராமப் போயிருவாங்க" என்றார்.

"வராட்டிப் போகட்டும். ஏழு வருசம் எண்ட புள்ளட சத்தத்த ரேடியோவால மறைச்சேனே, அதெக்காட்டியும் கேவலம் என்ன ஈக்கிது?"

மறுநாள் மனிதர் தானே ஸ்க்ரூ டிரைவர் எடுத்து, பலகைக் கதவின் துருப்பிடித்த பிணைச்சலைக் கழற்றினார்.

ரோட்டோரமாக மேசை போட்டோம். பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்திருப்பது பஸ் ஸ்டாண்டில் இருந்தே தெரியும். மூன்று வாரம் ஒருவரும் வாங்கவில்லை. அவித்ததை நாங்களே தின்றோம், நாய்க்குப் போட்டோம். ஆட்கள் எதிர்ப் பக்கம் கடந்து போய் நின்று பார்ப்பார்கள். கோயில் கமிட்டியில் இருக்கிற ஒரு பெரிய மனிதர் பேத்தியின் கண்ணைப் பொத்திக் கூட்டிக்கொண்டு போனார். முதலில் வாங்கியது அவிசாவளை பஸ்ஸின் கண்டக்டர். சிங்களப் பையன். அவனுக்குப் பசி, பஸ் கிளம்ப நான்கு நிமிஷம். தின்றுகொண்டே மகள் உரிப்பதைப் பார்த்துவிட்டு, "ஷோக் நே" என்றான். அழகாக இருக்கிறதாம். மறுநாள் டிரைவரையும் கூட்டி வந்தான். பஸ்காரர்கள் தின்றால் பஜார் தின்னும். ஆறு மாதத்தில் சாப்பாட்டுக் கடை முதலாளி ஆள் அனுப்பினார். பிறகு என் நாத்தனாரும் பாத்திரத்தோடு வந்தாள். நான் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னையே காறித் துப்பத் தோன்றுகிறது.

வெளியே தெரிந்தால் தேடிக்கொண்டும் வருவார்கள். கொழும்பில் இருந்து ஒரு நிறுவனத்துக்காரர்கள் வேனில் வந்தார்கள். நல்ல தமிழ் பேசுகிற ஒரு ஐயா, ஒரு நோனா அம்மா, கெமராவோடு ஒரு வெள்ளைக்காரர். பெரிய ஸ்டீமர் இரண்டு தருவதாகச் சொன்னார்கள். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பந்து உருட்டினார்கள். உண்மையில் சந்தோஷமாகத்தான் இருந்தது எங்களுக்கு. முன்னே எப்படி இருந்தது என்று ஐயா கேட்டார். நான் கட்டி வைத்த கதையைச் சொன்னேன். அதுவரை வெளியாள் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்லி அழுதேன்.

அவர் என் தோளைத் தட்டினார். அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அம்மா, அத ஒருக்காக் காட்ட ஏலுமா? சும்மா ஒரு நிமிஷம். பாக்குறவங்களுக்கு விளங்கணுமே."

நான் மறுத்திருக்க வேண்டும். என் வாயில் இல்லை என்ற சொல் வரவில்லை. ஸ்டீமரை நினைத்தேனா, அவர் தோளைத் தட்டியதை நினைத்தேனா தெரியாது. அக்காவின் கடையில் இருந்து ஒரு துண்டுத் துணி எடுத்தேன். மகளைக் கூப்பிட்டேன். அவளுக்கு அப்போது பத்து வயது. கட்டியதை நிறுத்தி இரண்டு வருடத்துக்கு மேல். துணியைக் கண்டதும் அழவில்லை, ஓடவில்லை. நான் கட்ட வசதியாக இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"அப்படியே, அப்படியே" என்றார் ஐயா.

கெமரா சத்தம் நான்கைந்து தடவை கேட்டது. உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த அக்கா வெளியே வந்தார். கையெல்லாம் மாவு. அந்தக் கையாலேயே கெமராவின் முகத்தைப் பொத்தினார். "படம் புடிச்சது போதும். எழும்புங்க. எழும்பிப் போங்க" என்றார். என் பக்கம் திரும்பியபோது அவர் கண்ணில் இருந்ததும் அருவருப்புத்தான். எனக்கு அது வேண்டியதுதான். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. என் புருஷனிடம் நானே சொன்னேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

ஒரு வருடம் கழித்து ஸ்டீமர்கள் வந்தன. கூடவே ஒரு புத்தகம், வழுவழுப்பான தாளில். அட்டையில் என் மகள், இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு. இந்தப் பிள்ளையைத் தாங்களே மீட்டெடுத்ததாக உள்ளே மூன்று மொழியில் எழுதியிருந்தார்கள். அக்காவின் பெயரும் இல்லை, லொறிக்கார அண்ணனின் பெயரும் இல்லை, இடியாப்பம் என்ற சொல்லே இல்லை. புத்தகத்தை அடுப்பில் வைத்தேன். வழுவழுப்புத் தாள் லேசில் எரியவில்லை, புகைந்து நாறியது. ஸ்டீமரைத் திருப்பி அனுப்பினோம் என்று சொல்ல ஆசைதான். அனுப்பவில்லை. பிள்ளைகள் கூடிவிட்டார்கள், பழைய பானைகள் போதவில்லை. ஆறு வருடம் அந்த ஸ்டீமரில்தான் அவித்தோம்.

லொறிக்கார அண்ணனின் பெண்சாதி குவைத்தில் இருந்து வந்தது ஸ்டீமர் வந்த வருடம்தான். எட்டு வருடம் அங்கே இருந்தவள். இரண்டு பெரிய பெட்டியோடு நேராகக் கடைக்கே வந்தாள். மகன் உயர்ந்து அப்பாவின் தோளுக்கு வந்திருந்தான். அவளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அவள் அறை முழுவதையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். ஒரு பிள்ளை தலையைச் சுவரில் இடித்துக்கொண்டிருந்தது, ஒன்றுக்கு மூக்கு ஒழுகியது.

"சீ" என்றாள். "இந்தக் கூட்டத்துலயா எம் புள்ளைய வச்சிருந்தீங்க?"

அன்றைக்கே மகனைக் கூட்டிக்கொண்டு பலாங்கொடைக்கு, தன் தாய் வீட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். லொறிக்கார அண்ணன் தடுத்தார், கெஞ்சினார், பிறகு பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அவள் மீது வந்த வெறுப்பைச் சொல்ல முடியாது. குவைத்துச் செண்டு மணம் அறையில் இரண்டு நாள் நின்றது. நான் டெட்டோல் போட்டுக் கழுவினேன்.

நான்கு மாதத்தில் திரும்பி வந்தார்கள். பையன் பாதியாகியிருந்தான். அங்கே அவன் சோற்றைத் தொடவில்லையாம். இங்கே பழகிய தட்டில், பழகிய இடத்தில் வைத்தால்தான் தின்பான். அது அவளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்துகொள்ள ஒரு நாள் கூட நிற்கவில்லையே என்றுதான் எனக்கு ஆத்திரம். பையன் தன் மூலையில் போய் உட்கார்ந்து ஏழு இடியாப்பம் தின்றான். அவள் வாசலில் நின்று அதைப் பார்த்தாள். லொறிக்கார அண்ணன் அவளை ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன்.

"அன்னைக்குச் சீன்னு சொன்னீங்களே. இப்ப எதுக்கு வந்தீங்க?"

அவள் மகனின் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அங்க நான் வேல செஞ்ச வீட்டுலயும் இப்படித்தாங்க்கா ஒரு புள்ள. எட்டு வருசமும் அதுக்குத்தான் கழுவிவிட்டேன், ஊட்டிவிட்டேன். அடிக்கும், கடிக்கும். அவுங்க அம்மா அந்த ரூமுக்குள்ள வரவே மாட்டாங்க. அந்தச் சம்பளத்தத்தான் இங்க அனுப்புனேன். எம் புள்ளையும் இப்படின்னு இவரு எனக்கு ஒரு கடிதத்துலகூட எழுதல. இங்க வந்து கதவத் தொறந்தா, மறுபடி அந்த ரூமு."

லொறிக்கார அண்ணன் வெளியே போய் சைக்கிளைத் துடைக்கத் தொடங்கினார். அவள் சொன்னது உண்மைதான் என்று அந்த முதுகே சொன்னது. அவளை வெறுக்க நான் நான்கு மாதமாகச் சேர்த்து வைத்திருந்ததை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அது உடனே போய்விடவும் இல்லை. இன்று வரைக்கும் கொஞ்சம் இருக்கிறது.

அடுத்த நாள் காலையில் அவள் கையைக் கழுவிக்கொண்டு இடியாப்ப உரலைப் பிடித்தாள். எட்டு வருடம் இடியாப்பம் பிழியாத கை. மாவு ஒழுங்காக இறங்கவில்லை.

"தண்ணி கூடிருச்சு" என்றேன். "இன்னங் கொஞ்சம் மாவு போட்டுப் பெசைங்க."

அவள் மாவைப் போட்டாள். என் மகள் கையைத் துடைத்துக்கொண்டு முதல் தட்டுக்காக நின்றாள்.